பூஜ்யம் சரியா? முள் சொல்வது மெய்யா?

கடைக்காரர் சாமானை நிறுப்பதற்கு முன்பு, வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து முள்ளைப் பார்ப்பார். முள் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால், இலேசான தட்டில் ஒரு சிறு கல்லைப் போட்டுச் சமன் செய்வார். அதற்குப் பிறகுதான் எடைக்கல்லைக் கையில் எடுப்பார். அவர் மறந்தாலும் வாங்க வந்தவர் விடமாட்டார். "முதலில் வெறும் தராசைக் காட்டுங்கள்" என்று கேட்டு விடுவார்.

ஒன்றுமே இல்லாதபோது கருவி என்ன காட்டுகிறது? தராசுக்கு மட்டும் அல்ல, உலகத்திலுள்ள அளவுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் கேள்வி.

கொதிகலனில் நீராவி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது? குழாயில் மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? ஆகாய விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது? கட்டிலில் கிடக்கும் நோயாளியின் ரத்த அழுத்தம் என்ன? இவ்வளவையும் இன்று கருவிகள்தான் சொல்லுகின்றன. அவை சொல்வதை மனிதன் அப்படியே நம்புகிறான். ஆனால் அந்தக் கருவியின் பூஜ்யம் பிசகியிருந்தால்? கம்பி தவறாகப் பூட்டப்பட்டிருந்தால்? அதற்கு வேண்டிய மின்சாரம் போதாமல் இருந்தால்? அப்போதும் முள் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். பொய் சொல்கிறோம் என்பது முள்ளுக்குத் தெரியாது. பார்க்கிறவருக்கும் தெரியாது. இதில்தான் அபாயம் இருக்கிறது.

எந்தப் பூஜ்யம்?

1643-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு விஞ்ஞானி டாரிசெல்லி, பாதரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் பாதரசக் கிண்ணத்தில் நிறுத்தும் சோதனையைக் கண்டார். குழாயில் பாதரசம் ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது. அதைத் தாங்கி நிறுத்துவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் பாரம்தான் என்றார் அவர். 1648-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், தம் மைத்துனரை இத்தகைய குழாயுடன் பூய் த டோம் என்ற மலையின் மேல் ஏறச் செய்தார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. காற்று என்பது ஒரு கடல். நாம் அதன் அடியில் வாழ்கிறோம் என்பது ருசுவாயிற்று.

அந்தக் கடலின் பாரம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே அழுத்தத்தை அளக்க இரண்டு பூஜ்யங்கள் உண்டு. காற்றே இல்லாத வெறுமை ஒரு பூஜ்யம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தையே பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது இன்னொன்று.

சைக்கிள் கடையில் பங்க்சர் ஆன டயரை அளந்து பாருங்கள். கருவி பூஜ்யம் காட்டும். ஆனால் டயருக்குள் காற்றே இல்லையா? இருக்கிறது. வெளியே உள்ள அதே அழுத்தத்தில் இருக்கிறது. வெறுமையைப் பூஜ்யமாகக் கொண்ட கருவியை அங்கே வைத்தால், அது ஒரு கிலோ என்று காட்டும். இரண்டும் மெய்தான். ஆனால் ஒன்றைப் பூட்ட வேண்டிய இடத்தில் மற்றொன்றைப் பூட்டிவிட்டால், ஒரு கிலோ கணக்குப் பிசகிவிடும்.

ரயில் என்ஜினிலும் கொதிகலனிலும் பார்க்கும் வட்டமான அழுத்தமானியை 1849-ல் பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த போர்டான் என்பவர் அமைத்தார். உள்ளே இருப்பது தட்டையாக்கி வளைத்த ஒரு பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் வளைவு சற்று நிமிரும். அந்த நிமிர்வு பல் சக்கரங்களின் வழியாக முள்ளைத் திருப்பும். அளவுக்கு மீறிய அழுத்தத்தை ஒரு முறை தாங்கினால் குழாய் பழைய வளைவுக்குத் திரும்பாது. முள்ளும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. இந்த முகப்புகள் பலவற்றில் பூஜ்யத்தண்டை முள்ளைத் தடுக்க ஒரு சிறு ஆணி இருக்கும். முள் பூஜ்யத்துக்குக் கீழே போக முயன்றாலும் ஆணி தடுத்துவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்!

ஓடும் தண்ணீரை அளப்பது எப்படி?

நிற்கும் தண்ணீரைப் படியால் அளக்கலாம். ஓடும் தண்ணீரை எதனால் அளப்பது? 1732-ல் பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர், முனை வளைந்த குழாயை ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, குழாயில் தண்ணீர் ஏறும் உயரத்திலிருந்து வேகத்தைக் கணித்தார். இன்று ஆகாய விமானத்தின் வேகத்தைச் சொல்வதும் அந்தக் குழாயின் பேரப்பிள்ளைதான்.

தொழிற்சாலைகளில் வேறொரு வழி அதிகமாக வழங்குகிறது. குழாய்க்குள் நடுவில் துளையிட்ட ஒரு தகட்டை வைப்பார்கள். நெருக்கமான இடத்தில் தண்ணீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். தகட்டுக்கு முன்னே ஒரு சிறு குழாயும் பின்னே ஒரு சிறு குழாயும் வைத்து, இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்தால் ஓட்டத்தின் அளவு தெரியும்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டம் பாதியானால் அழுத்த வித்தியாசம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. ஓட்டம் பத்தில் ஒரு பங்கானால், வித்தியாசம் நூற்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோலிட்டர் ஓடும்போது அழுத்த வித்தியாசம் 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோலிட்டருக்கு அது 625 மில்லிமீட்டர். 10 கிலோலிட்டருக்கு வெறும் 25 மில்லிமீட்டர்தான். இப்போது கருவியின் பூஜ்யம் 25 மில்லிமீட்டர் பிசகியிருக்கிறது. நூற்றுக்கு ஒன்றுதானே, போகட்டும் என்று தோன்றும். முழு ஓட்டத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. 100-க்குப் பதில் 100.5 காட்டும். ஆனால் பம்பை நிறுத்திவிட்டால்? சொட்டுத் தண்ணீர் ஓடாத குழாயில் மணிக்கு 10 கிலோலிட்டர் ஓடுவதாகக் கருவி சாதிக்கும்! ஒரு நாளைக்கு 240 கிலோலிட்டர். இல்லாத தண்ணீருக்குப் பில் போடுவதற்கு இது போதாதா?

மூன்று வால்வுகள்

இந்தக் கருவிக்குப் பூஜ்யம் வைப்பதற்காகவே அதன் தலைமாட்டில் மூன்று வால்வுகள் இருக்கின்றன. முன்பக்கக் குழாய்க்கு ஒன்று, பின்பக்கக் குழாய்க்கு ஒன்று, இரண்டையும் இணைக்கும் நடு வால்வு ஒன்று. முதலில் முன்பக்க வால்வை மூடவேண்டும். பிறகு நடு வால்வைத் திறக்கவேண்டும். பிறகு பின்பக்க வால்வையும் மூடவேண்டும். இப்போது கருவியின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். வித்தியாசம் பூஜ்யம் என்பதில் சந்தேகமே இல்லை. இந்த நிலையில் கருவி என்ன காட்டுகிறதோ அதைத் திருத்தி, பூஜ்யத்தில் நிறுத்தலாம்.

பழகிய மெக்கானிக் இதோடு திருப்தி அடையமாட்டார். பூஜ்யத்தைத் தொடுவதற்கு முன்பே சிறு குழாய்களில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, திறந்து விட்டு வெளியேற்றுவார். ஒரு பக்கத்துக் குழாயில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்று அடைத்திருந்தால், அதுவே 100 மில்லிமீட்டர் பிசகு. நாம் போட்ட கணக்குப்படி மணிக்கு 20 கிலோலிட்டர். குமிழியை விட்டுவிட்டுப் பூஜ்யத்தைத் திருத்தினால், இன்றைக்கு முள் சரியாக நிற்கும். நாளைக்குக் குமிழி தானாக வெளியேறியதும், நாம் செய்த திருத்தமே பிசகாக மாறி நிற்கும்.

இக்காலத்துக் கருவிகளில் பூஜ்யம் வைப்பது இன்னும் சுலபம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சுலபம் என்பதே இதில் தொல்லை. குழாயில் 2 கிலோ அழுத்தம் இருக்கும்போது யாராவது அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால், அந்த 2 கிலோவையே பூஜ்யம் என்று கருவி ஏற்றுக்கொண்டுவிடக்கூடும். மறுநாள் ஒரு தொழிலாளி வருகிறார். பூஜ்யத்தைப் பார்க்கிறார். அழுத்தம் இல்லை என்று நம்பிக் குழாய் இணைப்பின் போல்ட்டைக் கழற்றுகிறார். உள்ளே இருப்பது கொதிக்கும் நீராவி!

பூஜ்யத்துக்கு ஏன் நாலு?

கருவி இருப்பது கொதிகலனண்டை. அதைப் பார்க்கவேண்டியவர் இருப்பதோ அரை மைல் தூரத்திலுள்ள அறையில். நடுவே ஓடுபவை இரண்டு கம்பிகள். அந்தக் கம்பிகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் ஓடுகிறது. 4 என்றால் பூஜ்யம். 20 என்றால் முழு அளவு. 12 என்றால் சரி பாதி. உலகத்தில் பெரும்பாலான தொழிற்சாலைகளில் இந்தப் பாஷைதான் வழங்குகிறது.

பூஜ்யத்தைச் சொல்லப் பூஜ்யம் மில்லி ஆம்பியரே போதாதா? எதற்கு இந்த நாலு?

கம்பி அறுந்துபோனால் மின்சாரம் நின்றுவிடும். பூஜ்யம் மில்லி ஆம்பியரைப் பூஜ்ய அழுத்தம் என்று வைத்திருந்தால், அறுந்த கம்பியும் அமைதியான கொதிகலனும் ஒரே மாதிரி தெரியும். நாலில் ஆரம்பித்தால் அந்தக் குழப்பம் இல்லை. நாலு வந்தால், "நான் உயிரோடு இருக்கிறேன், இங்கே அழுத்தம் இல்லை" என்று அர்த்தம். ஒன்றும் வராவிட்டால், "சேதி சொல்ல ஆளே இல்லை" என்று அர்த்தம். 3.6-க்குக் கீழே போனாலும் 21-க்கு மேலே போனாலும் கருவிக்கே கோளாறு என்று கொள்ளும் வழக்கமும் இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. கருவி தன் ஜீவனத்துக்கு வேண்டிய மின்சாரத்தையும் அந்த நாலுக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. சேதி கொண்டுபோகிற கம்பியே சோறும் போடுகிறது. அதனால்தான் இரண்டே கம்பிகளில் காரியம் நடக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன்பு இதே வேலையைக் காற்றுக் குழாய்கள் செய்துவந்தன. அங்கேயும் சதுர அங்குலத்துக்கு 3 ராத்தலில் ஆரம்பித்து 15 ராத்தலில் முடித்தார்கள். குழாய் ஒழுகினால் தெரியவேண்டும் என்ற அதே யோசனைதான்!

வோல்ட்டை அனுப்பாமல் மின்னோட்டத்தை அனுப்புவதற்கும் காரணம் உண்டு. கம்பி நீளமானால் வோல்ட் வழியிலேயே குறையும். ஆனால் ஒரே வளையத்தில் ஓடும் மின்னோட்டம் இந்த முனையில் எவ்வளவோ, அந்த முனையிலும் அவ்வளவேதான்.

மின்சாரம் போதாவிட்டால்

இந்த வளையத்துக்குச் சாதாரணமாக 24 வோல்ட் நேர் மின்சாரம் கொடுக்கிறார்கள். கருவி வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் ஓடும்போது, அந்த 12 வோல்ட் 600 ஓம் தடையைத்தான் தாங்கும்.

அறையில் ஒரு மீட்டர் இருந்தது. மேலதிகாரி தம் அறையிலும் ஒன்று வேண்டும் என்றார். பிறகு பதிவு செய்யும் கருவி ஒன்று வந்தது. எல்லாவற்றையும் அதே வளையத்தில் கோத்தார்கள். தடை 900 ஓம் ஆகிவிட்டது. பூஜ்யத்தைச் சோதித்தார்கள், சரியாக 4 வந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் 12 வோல்ட்டால் 900 ஓம் வழியாக 13.3 மில்லி ஆம்பியருக்கு மேல் தள்ள முடியாது. 10 கிலோ வரை அளக்கவேண்டிய கருவி 5.8 கிலோவில் நின்றுவிடும். கொதிகலனில் அழுத்தம் 7, 8, 9 என்று ஏறிக்கொண்டே போகும். முள் மட்டும் அசையாது!

ஆகவே பூஜ்யத்தை மட்டும் பார்த்தால் போதாது. முழு அளவையும் கொடுத்துப் பார்க்கவேண்டும். கம்பிகளின் மேலுள்ள உலோக உறையை ஒரு முனையில் மட்டும் பூமியோடு இணைக்கவேண்டும். இரண்டு முனையிலும் இணைத்தால் பூமி வழியாக வேண்டாத மின்சாரம் சுற்றி வந்து அளவைக் கலைக்கும். பெரிய மோட்டார்களுக்குப் போகும் கம்பிகளோடு இவற்றைச் சேர்த்துக் கட்டவும் கூடாது.

விளக்கு சொன்ன பொய்

1979-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி விடியற்காலை நாலு மணி. அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு அணு மின் நிலையத்தின் இரண்டாவது உலையில் அழுத்தம் திடீரென்று ஏறியது. ஏறினால் தானாகத் திறந்து, இறங்கினால் தானாக மூடவேண்டிய ஒரு வால்வு அங்கே உண்டு. அது திறந்தது. ஆனால் மூடவில்லை. சிக்கிக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்த விளக்கின் கம்பி வால்வின் நிலையைப் பார்க்கும்படி பூட்டப்படவில்லை. வால்வை இயக்கும் மின்காந்தத்துக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே அது சொன்னது. "மூடு" என்ற உத்தரவு போய்விட்டது. அது நிறைவேறியதா என்பது விளக்குக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையின் தண்ணீர் அந்த வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. முடிவில் உலையின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிற்று.

ஈரத்தில் வைத்த பூஜ்யம்

2008-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி. பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று கிளம்பத் தயாராயிற்று. விலை 140 கோடி டாலர். காற்றின் அழுத்தத்தை அளந்து வேகத்தையும் சாய்வையும் சொல்லும் 24 உணர்கருவிகள் அதில் இருந்தன. அவற்றில் மூன்றில் மழை ஈரம் புகுந்துவிட்டது. அளவு பிசகுவதைக் கண்டு, ஈரம் இருக்கும்போதே பூஜ்யத்தைத் திருத்திவிட்டார்கள். பிறகு விமானம் கிளம்பும் தறுவாயில் சூடேற்றும் சாதனம் போடப்பட்டது. ஈரம் உலர்ந்தது. திருத்திய பூஜ்யம் தவறாகி நின்றது!

உண்மையான வேகம் வருவதற்கு முன்பே, வேகம் வந்துவிட்டது என்று யந்திர மூளை கணக்கிட்டது. தலை கீழ்நோக்கிச் சாய்வதாகவும் தப்பாக நினைத்து, மூக்கை அளவுக்கு மீறி மேலே தூக்கியது. விமானம் தரையில் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் வெளியே குதித்து உயிர் தப்பினார்கள். முதலில் சூடேற்றி ஈரத்தைப் போக்கி, பிறகு பூஜ்யத்தைத் திருத்தவேண்டும் என்ற யுக்தி சிலருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. அது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. குமிழியை வெளியேற்றிவிட்டுப் பூஜ்யம் வைக்கும் மெக்கானிக் கடைப்பிடிப்பதும் இதே பாடம்தான்.

இரண்டு சாட்சி, ஒரே வாய்

1996-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, நள்ளிரவு கழிந்த சமயம். பெரு நாட்டின் லிமா நகரத்திலிருந்து ஏரோபெரு கம்பெனியின் போயிங் 757 விமானம் 70 பேருடன் கிளம்பியது. விமானத்தைச் சுத்தம் செய்தபோது, வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் சிறு துவாரங்களின் மேல் பசை நாடாவை ஒட்டியிருந்தார்கள். வேலை முடிந்தும் அதை எடுக்கவில்லை. வானில் ஏறியதும் உயரமானி, வேகமானி எல்லாம் கண்டபடி காட்டின.

கீழே கடல். இருட்டு. விமானிகள் தரையிலுள்ள அதிகாரியிடம் தங்கள் உயரத்தைக் கேட்டார்கள். அவரும் தம் திரையைப் பார்த்து, ஏறக்குறைய 9,700 அடி என்று சொன்னார். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே விமானத்தின் அதே கருவி வானொலி மூலம் அனுப்பிய எண் அது! இரண்டு சாட்சிகள் என்று நினைத்தார்கள். பேசியது ஒரே வாய்தான். விமானம் கடலில் விழுந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கட்டிலண்டை

இவை எங்கோ நடந்தவை என்று நினைக்கவேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் சிறு குழாயைச் செலுத்தி, அழுத்தத்தை விநாடிக்கு விநாடி திரையில் பார்க்கிறார்கள். அந்த உணர்கருவிக்கும் பூஜ்யம் வைக்கவேண்டும். நோயாளியின் பக்கத்தை அடைத்து, வெளிக்காற்றுக்குத் திறந்து, அப்போது வரும் அளவைப் பூஜ்யமாக்குகிறார்கள். கருவியை நோயாளியின் இருதய மட்டத்தில் நிறுத்துகிறார்கள்.

கட்டிலை உயர்த்திவிட்டுக் கருவியை உயர்த்த மறந்தால் என்ன ஆகும்? கருவி இருதயத்துக்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் சுமார் ஏழரை மில்லிமீட்டர் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். இருபது சென்டிமீட்டர் இறங்கினால், சராசரி 60 இருக்கும் நோயாளிக்கு 75 என்று திரை சொல்லும். 60 என்றால் மருத்துவர் பரபரப்படைவார். 75 என்றால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கைதேர்ந்த நர்ஸ் கட்டிலை அசைத்தவுடன் கருவியின் மட்டத்தைப் பார்ப்பது இதனால்தான்.

உங்கள் வீட்டில்

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். காசு செலவில்லை.

வீட்டிலுள்ள குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது அசைந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மீட்டரில் கோளாறு. முள் வைத்த ரத்த அழுத்தக் கருவியில், பையில் காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அளக்கும்போது கை இருதய மட்டத்தில் இருக்கட்டும்; தொங்கவிட்டால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று அடைப்பதற்கு முன்பு, மாட்டாத கருவி என்ன காட்டுகிறது என்று ஒரு கண் வையுங்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர்கள் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒன்றும் இல்லாதபோது இது என்ன காட்டுகிறது? முழு அளவு வரும்போது அதுவரை போகிறதா? கம்பியைக் கழற்றிவிட்டால் அது எனக்குத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் கருவியை நம்பலாம். பதில் சொல்லாத கருவி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதை நம்பி ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.